நாறும் பாக்ஸிங் க்ளவுஸ்: வினிகரா, ஆப்ப சோடாவா, ஸ்பிரிட்டா, வெயிலா?

க்ளவுஸ் நாறுவதற்கு நேரடிக் காரணம் வியர்வை இல்லை. உடம்பிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வியர்வைக்குப் பெரிதாக வாடையே கிடையாது. அந்த ஈரத்தையும் கையிலிருந்து உரியும் தோல் செதிலையும் தின்று பெருகும் பாக்டீரியாக்கள் விடும் கழிவுதான் நாறுகிறது. பாக்டீரியாவுக்குத் தேவை மூன்று: சூடு, இருட்டு, ஈரம். பயிற்சி முடிந்ததும் க்ளவுஸைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தால் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன.

சார்பட்டா, இடியப்ப பரம்பரை என்று அணிகளின் பேர் சொல்லிக் குத்துச்சண்டை வளர்ந்த ஊர் எங்கள் வட சென்னை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று எங்கே போனாலும் பாக்ஸிங் கற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். க்ளவுஸ் காய்வதற்கு மட்டும் இந்த ஊர் அவ்வளவு தோதானதல்ல. கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரம். வீடுகள் நெருக்கம், பல வீடுகளில் ஒரே ஜன்னல். குளிர்ந்த, வறண்ட ஊர்க்காரர்கள் ‘ராத்திரி திறந்து வைத்தால் காய்ந்துவிடும்’ என்று சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எந்த முறையை எடைபோட்டாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும்: இது க்ளவுஸின் உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே எடுக்கிறதா, இன்னும் கொஞ்சம் உள்ளே விடுகிறதா?

முதலில் முகர்ந்து பாருங்கள்

எல்லா நாற்றமும் ஒன்றல்ல. மருந்தும் ஒன்றாக இருக்காது. க்ளவுஸின் வாயை அகலத் திறந்து, விரல் முனை இருக்கும் அடிப்பகுதியையும் கட்டைவிரல் குழியையும் தனித்தனியாக முகர வேண்டும். பெரும்பாலும் கட்டைவிரல் குழிதான் முதலில் நாறத் தொடங்கும். அது குறுகலான முட்டுச்சந்து, காற்று போய்த் திரும்ப வழியில்லை.

புளித்த தயிரும் அழுக்குச் சாக்ஸும் கலந்ததுபோல் வந்தால் அது அமில வாடை. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் வியர்வையில் உள்ள அமினோ அமிலத்தைச் சிதைக்கும்போது ஐசோவேலரிக் அமிலம் உண்டாகிறது. காலில் சாக்ஸ் நாறுவதும் இதனால்தான். இதற்கு ஏற்றது காரம், அதாவது ஆப்ப சோடா.

மூக்கில் சுருக்கென்று ஏறினால் அது அம்மோனியா. வியர்வையில் இருக்கும் யூரியாவை பாக்டீரியா உடைப்பதால் வருவது. இது காரத் தன்மை கொண்டது, ஆகவே இதற்கு வினிகர். அமில வாடை வீசும் க்ளவுஸில் வினிகரைத் துடைத்துவிட்டு ‘வேலை செய்யவில்லையே’ என்று சொல்பவர்கள் மருந்தை மாற்றிப் போட்டிருப்பார்கள்.

மூன்றாவது, மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த பீரோவின் மக்கல் வாடை. அது பூஞ்சை. டார்ச் அடித்து உள்துணியைப் பாருங்கள். சிறு சிறு கரும்புள்ளிகள் தெரிந்தால் நாற்றத்தை விடத் தோலுக்கு வரும் கேடுதான் பெரிய கவலை. இதற்கு வினிகரும் சோடாவும் போதாது.

காய வைப்பது: எல்லாவற்றுக்கும் முன்னால்

காய வைக்கும் வழிகளில் டேபிள் ஃபேனுக்கு நிகராக ஒன்றும் இல்லை என்பது எங்கள் தீர்மானமான கருத்து. பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் க்ளவுஸை வெளியே எடுத்து, உள்ளிருக்கும் ஈரத்தை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு செய்தித்தாள். ஒரு க்ளவுஸுக்கு இரண்டு முழுத்தாள். நன்றாகக் கசக்கி, ஒரு சிறு உருண்டையைக் கட்டைவிரல் குழிக்குள் தனியாகத் தள்ளி, மீதியை அடிவரை அடைக்க வேண்டும். அரை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அடைத்த தாளை மறுநாள் மாலை வரை உள்ளேயே விட்டால் அது ஈரத்தை உறிஞ்சுவது நின்று, ஈரத்தைப் பிடித்து வைக்கும் அடைப்பாக மாறிவிடும். இழுக்கும்போது கூழாய்க் கிழிந்து வரும், வெளிர் உள்துணியில் அச்சு மையும் ஒட்டும்.

தாளை எடுத்த பின் வெல்க்ரோவை முழுக்கத் திறந்து, வாய்ப்பகுதி ஃபேனைப் பார்க்கும்படி ஒரு முழம் தள்ளி வைத்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் பெருமளவு காய்ந்துவிடும். வாய் மூடிக்கொண்டால், துணி காயப்போடும் கிளிப்பால் வெல்க்ரோ பட்டையைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வைக்கலாம். காற்றில் ஈரம் இருந்தாலும் ஃபேன் வேலை செய்யும். க்ளவுஸுக்குள் தேங்கும் காற்று சீக்கிரமே ஈரத்தால் நிறைந்துவிடுகிறது, அதை வெளியே தள்ளிப் புதுக் காற்றை உள்ளே விடுவதுதான் ஃபேனின் வேலை.

காய்ந்ததா இல்லையா என்பதை விரலை விட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உள்துணி காய்ந்திருக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் ஃபோம் ஈரமாக இருக்கும். சமையலறைத் தராசில் எடை போடுவது துல்லியமான வழி. 10 அவுன்ஸ் க்ளவுஸ் ஏறத்தாழ 283 கிராம், 12 அவுன்ஸ் 340, 16 அவுன்ஸ் 454. அச்சிட்ட எடைக்கும் உண்மை எடைக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஆகவே புதிதாக வாங்கியதும் ஒவ்வொன்றையும் நிறுத்து, மணிக்கட்டுப் பட்டையின் உட்புறம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பின் ஏறிய கிராம் எல்லாம் வியர்வை. பழைய எடைக்கு ஐந்து கிராம் வித்தியாசத்துக்குள் வந்துவிட்டால் காய்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதே கணக்கு சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் எடை போட்டுக் காட்டிவிடும். சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் சற்றுக் கூடுதலாகத் தண்ணீரைப் பிடிக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் 5 கிராம் பொட்டலம் இரண்டு கிராமுக்கு மேல் எடுக்காது. 30 கிராம் வியர்வை ஏறிய க்ளவுஸுக்குள் அதைப் போடுவது, தேங்கிய மழைநீரை டம்ளரால் இறைப்பதுபோல. ஏற்கெனவே காய்ந்த க்ளவுஸை மழைக்காலத்தில் மூடி வைக்கும்போது மட்டும் அதற்கு இடமுண்டு.

வெயிலைப் பற்றி இரண்டு கட்சி. அம்மாக்கள் மொட்டை மாடியில் காயப்போடச் சொல்வார்கள், வாத்தியார்கள் கூடாது என்பார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. காலை ஏழிலிருந்து ஒன்பது வரையிலான இளவெயிலில் கொடியில் தொங்கவிட்டால் ஒரு கேடும் இல்லை. மே மாத உச்சிவெயிலில் சிமென்ட் தரை மேல் வைத்தால் தோல் விறைத்து மடிப்புகளில் வெடிக்கும், ஃபோம் அடுக்குகளை ஒட்டிய பசை இளகும். அதோடு வெயில் படுவது வெளிப்பக்கத்தில், நாற்றம் இருப்பது இருட்டான உள்பக்கத்தில். வெயிலின் கிருமிநாசம் அங்கே எட்டவே எட்டாது.

கடலோர ஈரம் செய்யும் இன்னொரு வேலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். விலை குறைந்த க்ளவுஸ்களின் மேலுறை பெரும்பாலும் ரெக்சின், அதாவது துணி மேல் பாலியூரித்தேன் பூச்சு. சூடும் ஈரமும் சேர்ந்தால் இந்தப் பூச்சு வேதி முறையில் சிதையும். பயன்படுத்தாமல் மூடி வைத்த க்ளவுஸைப் பல மாதம் கழித்து எடுத்தால் மீன் செதில்போல உரிந்து கொட்டுவது இதனால்தான். எண்ணெய் தடவினாலும் பாலிஷ் போட்டாலும் திரும்பாது. காற்றோட்டமாக வைத்தால் தள்ளிப்போடலாம்.

ஆப்ப சோடாவும் வினிகரும்

ஆப்ப சோடாவை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். வழக்கமான முறை உலர் முறை. பழைய பருத்திச் சாக்ஸில் ஒரு மேசைக்கரண்டி சோடாவைக் கட்டி, காய்ந்த க்ளவுஸுக்குள் ராத்திரி முழுக்க வைப்பது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தூளை மாற்ற வேண்டும். செலவு சொற்பம், கேடு எதுவும் இல்லை. ஆனால் காற்றில் மிதக்கும் வாடையைத்தான் இது பிடிக்கும், துணியில் ஊறியதைத் தொடாது. தூளை நேராக உள்ளே கொட்டுவது தவறு. தையல் இடுக்கில் போய் வியர்வையோடு கட்டியாகி, அடுத்த நாள் முட்டித் தோலை மணல்போல் உரசும். ஈர க்ளவுஸில் போட்டாலும் இதே கதைதான்.

ஊறிப்போன அமில வாடைக்கு ஈர முறை. ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சோடாவைக் கரைத்து, துணியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து உள்துணியைத் துடைக்க வேண்டும். கட்டைவிரல் குழிக்குத் துணியை ஒரு மரக்கரண்டிக் காம்பில் சுற்றிக்கொள்ளலாம். முதல் தடவை எடுக்கும்போது துணி டீத்தூள் வடிகட்டிய நிறத்தில் வரும். துணி வெளுப்பாக வரும்வரை மடிப்பை மாற்றி மாற்றித் துடைத்து, கடைசியில் வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு தடவை எடுத்து, உடனே ஃபேன் முன்னால் வைக்க வேண்டும்.

இந்தக் கரைசல் அசல் தோலில் படக் கூடாது. பதனிட்ட தோல் இயல்பிலேயே அமிலத் தன்மை உள்ளது, காரம் படப்பட வறண்டு விறைக்கும். இங்கே வினிகர் ஒரு படி மேல். வெள்ளை வினிகரில் அசெட்டிக் அமிலம் ஏறத்தாழ 5 சதவீதம்தான். சம அளவு தண்ணீர் கலந்து, பிழிந்த துணியால் துடைத்தால் தோலுக்கும் பெரிய தொந்தரவில்லை, அம்மோனியா வாடையும் அடங்கும், உப்புப் படிவமும் இளகும். வினிகர் வாடை காய்ந்த பின் போய்விடும். போகவில்லை என்றால் க்ளவுஸ் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். நிறம் போட்ட வினிகர், ஊறுகாய்க்கு வைத்திருக்கும் மசாலா வினிகர் எல்லாம் வேண்டாம், கறை பிடிக்கும்.

இரண்டையும் ஒன்றாகக் கலப்பவர்கள் நிறையப் பேர். நுரை பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பலமாக நடப்பதுபோல் தோன்றும். நடப்பது இதுதான்: அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. பொங்குவது கரியமில வாயு, மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பும் தண்ணீரும். இரண்டு மருந்தின் பலமும் போய், க்ளவுஸில் தண்ணீர் மட்டும் கூடுகிறது. இரண்டு வாடையும் இருந்தால் ஒருநாள் ஒன்று, காய்ந்த பின் மறுநாள் இன்னொன்று.

ஸ்பிரிட்: பொது க்ளவுஸுக்கு இதுதான்

ஒரே க்ளவுஸில் நாலு பிள்ளைகள் கைவிடும் பயிற்சிக் கூடத்தில் நாற்றத்தை விடத் தொற்றுதான் முக்கியம். படர்தாமரை, சீழ்ப் புண் இரண்டும் க்ளவுஸ் வழியாகக் கைமாறும். முட்டியில் தோல் வழண்டிருந்தால் இன்னும் எளிது. சோடா இங்கே பயன்படாது. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் அல்லது சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டும். 70-ஐ விட 99 சதவீதம் நன்றாகக் கொல்லும் என்று நினைப்பது இயல்பு. உண்மை நேர்மாறு. கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் தேவை, தண்ணீர் இல்லாத ஆல்கஹால் வேலை முடிவதற்குள் ஆவியாகிவிடும்.

முதலில் ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்துவிட வேண்டும். உப்பும் தோல் செதிலும் படிந்திருந்தால் கிருமிகள் அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். பிறகு ஸ்பிரே பாட்டிலில் க்ளவுஸுக்கு ஐந்தாறு அழுத்து, உள்பக்கம் மட்டும். உள்துணி குறைந்தது அரை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். பிறகு திறந்து வைத்தால் சீக்கிரம் ஆவியாகிவிடும். முழுக்க ஆவியான பின்தான் அடுத்தவர் கை விட வேண்டும், வழண்ட தோலில் தீயாய் எரியும். வெளித்தோலில் அடித்தால் பூச்சு மங்கி வறளும். கை கழுவும் ஜெல் சானிடைசரைப் பயன்படுத்தாதீர்கள். அதில் சேர்க்கும் பிசுபிசுப்பும் கிளிசரினும் துணியிலேயே தங்கி அழுக்கைப் பிடிக்கும். சாமி விளக்கு, அடுப்பு, கொசுவத்தி அருகில் ஸ்பிரே அடிக்கக் கூடாது என்பதைச் சிறுபிள்ளைகளிடம் ஒருதடவைக்கு இருதடவை சொல்லி வைக்க வேண்டும்.

டெட்டால் போன்ற கிருமிநாசினிகளைத் தண்ணீரில் கலந்து துடைப்பதும் உண்டு. கிருமி சாகும், ஆனால் மருந்து ஆவியாகிப் போகாது. அதன் வாடையும் மிச்சமும் துணியில் தங்கி, வியர்க்கும்போது தோலில் ஊறும். ஸ்பிரிட் கிடைக்கும் இடத்தில் இதற்கு அவசியம் இல்லை. ப்ளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டவே வேண்டாம். நூல், ஃபோம், தோல் மூன்றையும் அரிக்கும். அது இருக்கும் இடத்தில் வினிகர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

வீட்டில் செய்யும் மற்றவை

சாம்பிராணிப் புகை காட்டினால் அன்றைக்கு மணக்கும். மறுநாள் கை வியர்த்ததும் பழைய வாடையும் புகை வாடையும் சேர்ந்து எழும். பாச்சை உருண்டை அதைவிட மோசம். நாஃப்தலீன் ஆவி துணியில் ஏறி, மணிக்கணக்கில் முகத்துக்கு அருகிலேயே இருக்கும். ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைக்கும். க்ளவுஸ் பையில் அதற்கு இடமே கிடையாது.

வேப்பிலையில் பச்சை இலை தன் ஈரத்தையும் சேர்த்துக் கொடுக்கும். நன்றாகக் காய்ந்தது என்றால் பாதகமில்லை, பெரிய பலனும் இல்லை. அடுப்புக்கரித் துண்டுகளைத் துணியில் கட்டிப் போட்டால் கொஞ்சம் வாடையைப் பிடிக்கும். கடையில் விற்கும் ஆக்டிவேட்டட் கரிக்கு நுண்துளைகள் மிக அதிகம் என்பதால் பலனும் அதிகம். எதுவானாலும் இரட்டைத் துணியில் கட்டாவிட்டால் உள்ளங்கை கறுத்துவிடும்.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. பெரும்பாலான பாக்டீரியா குளிரில் உறங்கும், சாகாது. வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த க்ளவுஸ் மேல் முத்து முத்தாகப் படிந்து உள்ளே இறங்கும். காய வைக்க வேண்டிய பொருளைக் கூடுதலாக நனைத்ததுதான் மிச்சம்.

வாஷிங் மெஷினில் போடுவது க்ளவுஸை நாசமாக்கும் நேர்வழி. ஃபோம் கடற்பஞ்சுபோல் தண்ணீரைக் குடிக்கும், இடம் பெயர்ந்து கட்டி தட்டும். வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் நடுவே நாட்கணக்கில் ஈரம் நிற்கும், அதிலேயே பூஞ்சை பிடிக்கும். முட்டிக்கு மேல் இருக்க வேண்டிய மெத்தை விலகிப்போனால் அது கையை உடைக்கும் க்ளவுஸ்.

மெஷினில் போட வேண்டியது கைக்கட்டுத் துணியை. பேண்டேஜ் என்று சொல்லும் அந்த நாலரை மீட்டர்த் துணிதான் வியர்வையை முதலில் வாங்குகிறது. அதை ஒவ்வொரு நாளும் துவைத்தால் க்ளவுஸுக்குப் போகும் வியர்வையும் செதிலும் வெகுவாகக் குறையும். வெல்க்ரோவை ஒட்டி, வலைப்பையில் போட்டுத் துவைக்க வேண்டும், இல்லையென்றால் மற்ற துணிகளோடு சடை பின்னிக்கொள்ளும். ஒரு ஜோடி காயும்போது மறு ஜோடி கட்ட, குறைந்தது இரண்டு ஜோடி வேண்டும். நாற்றத்துக்காகச் செலவு செய்ய ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ஸ்பிரே பாட்டிலுக்கு முன்னால் இன்னொரு ஜோடி கைக்கட்டை வாங்குங்கள். வெறுங்கையோடு க்ளவுஸ் போட யாரையும் விடக் கூடாது, ஸ்பாரிங்குக்கு, அதாவது பயிற்சிச் சண்டைக்கு, இரவல் கேட்பவர்களையும்தான்.

எதை யார் தேர்ந்தெடுப்பது

சொந்தமாகத் தோல் க்ளவுஸ் வைத்திருப்பவருக்கு: தினமும் தாளும் ஃபேனும், வாரம் ஒருமுறை வினிகர்த் துடைப்பு, உள்ளே சோடா முடிச்சு. ரெக்சின் என்றால் ஈரச் சோடாவும் பரவாயில்லை, ஆனால் காற்றோட்டத்தில் கூடுதல் கவனம். பயிற்சிக் கூடத்தின் பொது க்ளவுஸுக்கு ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஸ்பிரிட், ராத்திரி கம்பியில் வாய் கீழாகத் தொங்கவிடுதல். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் தினமும் பயிற்சி செய்பவருக்கு ஒரு ஜோடி போதாது. விலையுயர்ந்த ஒன்றை விட நடுத்தர விலையில் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது மேல்.

வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் கோல்கீப்பர்கள் இதை அப்படியே பின்பற்றக் கூடாது. அவர்கள் க்ளவுஸின் உள்ளங்கை லேடெக்ஸ் நுரை. அதற்கு ஸ்பிரிட்டும் வெயிலும் எதிரி. வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து நிழலில் தொங்கவிட வேண்டும். உள்ளங்கை எலும்பாய்க் காய்ந்தால் வெடிக்கும்.

பாக்ஸிங் க்ளவுஸைப் பொறுத்தவரை, முழுச் சுத்தம் இரண்டு முறை செய்து முழுக்கக் காய வைத்த பிறகும், பயிற்சி தொடங்கிப் பத்து நிமிடத்தில் வாடை எழுந்தால் அது ஃபோமுக்குள் குடியேறிவிட்டது. துணியைத் துடைத்துத் தீர்க்க முடியாது. கரும்புள்ளி துடைத்த பின்னும் திரும்பினாலும், குத்துப் பையில் குத்தும்போது முட்டிக்கு அடி தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான். புதிது வாங்கும்போது உள்ளங்கையில் காற்றுத்துளை அல்லது வலைத்துணி இருக்கிறதா, வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, கட்டைவிரல் குழிக்குள் துடைக்கும் துணி சுற்றிய விரல் நுழைகிறதா என்று கடையிலேயே நின்று பார்த்துவிடுங்கள்.